பனியே விழாத ஊரில் பனிமனிதன் எதற்கு? தூத்துக்குடிக் குட்டீஸுக்கு மார்கழி ஸ்பெஷல் ஆக்டிவிட்டீஸ்!

டிசம்பர் வந்துவிட்டால் போதும்... ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்களில் 'விண்டர் ஆக்டிவிட்டி' ஷீட்டுகள் வரிசைகட்டி வரும். கேரட் மூக்கு வைத்த பனிமனிதன், கம்பளிக் கையுறை, பென்குயின், புகைபோக்கி வீடு. நான்கு வயதுக் குழந்தையும் சொன்னபடி கலர் அடித்துக் கொடுத்துவிடும். 'இது என்ன?' என்று கேட்டால் 'ஸ்நோமேன்' என்று பதிலும் வரும். 'அது எதால செஞ்சது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'பஞ்சு' என்றுதான் சொல்லும். கிறிஸ்துமஸ் குடிலில் பஞ்சைப் பிய்த்துத் தூவுவதைத்தானே அது பார்த்திருக்கிறது!

தூத்துக்குடியில் மார்கழி விடியலிலும் ஸ்வெட்டர் தேடும் அளவுக்குக் குளிர் அபூர்வம். ஆனால், இந்த ஊரின் அடையாளமே பனியின் பெயரில்தான் இருக்கிறது. பனிமய மாதா பேராலயம்! ரோம் நகரில் கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் பனி பொழிந்ததாகச் சொல்லப்படும் கதையிலிருந்து வந்த பெயர் அது. திருவிழாவும் ஆகஸ்ட் 5-ம் தேதிதான். கடலும் வெயிலும் உப்பும் சூழ்ந்த ஊர், வெயில் காலத்தில் பனியின் பெயரால் விழா எடுக்கிறது. இந்தக் கதையைச் சொன்னாலே குழந்தையிடமிருந்து பத்துக் கேள்வி வரும்.

மூன்றிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைகள் கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள். தொட முடியாத பனியைக் கலர் அடிப்பதைவிட, தொடக்கூடிய மார்கழியை வீட்டுக்குள் கொண்டுவருவது எளிது. செலவும் குறைவு. அரையாண்டு விடுமுறைக்கு இதோ சில ஐடியாக்கள்.

வியர்க்கும் டம்ளர்

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்தான், செடியில் முத்து முத்தாக நிற்கும் நீருக்கும், காஷ்மீரில் கொட்டும் வெண்பனிக்கும். குழந்தை குழம்புவது நியாயமே. போதாக்குறைக்கு 'பனை' வேறு! முதலில், காலையில் வாசல் தெளிக்கும்போது குழந்தையையும் எழுப்பிக் கூட்டிச்சென்று, செம்பருத்தி இலையையோ பைக் சீட்டையோ விரலால் தடவச் சொல்லுங்கள். 'மழை பெய்யலையே, இது எப்படி நனைஞ்சது?' என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிடுங்கள்.

பிறகு, ஒரு கண்ணாடி டம்ளரில் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரை ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் நீர் துளிர்க்கும். 'டம்ளர் ஓட்டையா?' என்பதுதான் குழந்தையின் முதல் சந்தேகமாக இருக்கும். வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பார்க்கட்டும். உள்ளே சிவப்பு, டிஷ்யூவில் சிவப்பு இல்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வந்தது. செடியில் இருந்ததும் அதுவே. 'நீராவி', 'குளிர்தல்' என்ற வார்த்தைகளெல்லாம் இப்போது வேண்டாம். 'காத்துலயும் தண்ணி இருக்கு' என்பது தெரிந்தால் போதும்.

பனிமலை... தின்னும் பனிமலை!

பனி வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால், தூத்துக்குடிக்காரர்கள் கவலைப்படத் தேவையில்லை. மக்ரூன் இருக்கிறது! முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி... மூன்றே பொருள்களில் உருவாகும் இந்தக் கூம்பு வடிவ இனிப்பைப் பார்த்தாலே சின்னப் பனிமலை போலத்தான் இருக்கும். ஜெர்மன் மொழியில் அடித்து நுரைத்த வெள்ளைக்கருவுக்கே 'முட்டைப் பனி' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்று முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் துளி மஞ்சள்கூடக் கலக்காமல் பிரித்தெடுங்கள். பாத்திரத்தில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை எழும்பாது. எலெக்ட்ரிக் பீட்டரால் அடிக்க அடிக்க, கண்ணாடி போல இருந்தது வெள்ளையாகிப் பொங்கும். குழந்தை கண்ணை எடுக்காமல் பார்க்கும் இடம் இதுதான். அவசரப்படாமல், நடுநடுவே நிறுத்தி, 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். 'பால் மாதிரி', 'சோப்பு நுரை மாதிரி', 'மேகம் மாதிரி' என்று வரும் ஒவ்வொரு பதிலும் மொழிப் பயிற்சிதான். பிறகு 150 கிராம் பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுரை கொம்பு போல நிற்க வேண்டும். 150 கிராம் முந்திரியை ஈரமில்லாமல் பொடித்து, கரண்டியால் மெதுவாகக் கலந்து, பேப்பர் கோனில் நிரப்பி, பட்டர் பேப்பர் விரித்த டிரேயில் சின்னச் சின்னக் கூம்புகளாகப் பிழியுங்கள். பிழிவதற்குக் குழந்தையின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். கோணல் மாணலாக வந்தால் என்ன, மலை அப்படித்தானே இருக்கும்! 120 டிகிரி சூட்டில் சுமார் ஒரு மணி நேரம். அவனை அணைத்துவிட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு... வேகாத மாவை நக்கவிடாதீர்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். முட்டை, முந்திரி அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அவன் இல்லாத வீடுகளில் பேக்கரியில் ஒரு பாக்கெட் வாங்கினால் போதும். ஏனென்றால், நிஜமான பரிசோதனை இனிமேல்தான். ஒரு மக்ரூனை மூடி இறுக்கமான டப்பாவிலும், இன்னொன்றைத் திறந்த தட்டிலும் வையுங்கள். மழை நாளில் சில மணி நேரத்திலேயே தட்டில் இருந்தது நமத்துப் பிசுபிசுக்கும். டப்பாவில் இருந்தது 'மொறுக்'. காற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுவையான சாட்சி கிடைக்காது. டம்ளர் விஷயத்தை அப்போது ஞாபகப்படுத்துங்கள்.

உப்பு... அளவாகத் தொட்டால் அழகு

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. கறுப்பு நிறத் தட்டில் தூள் உப்பை மெல்லிசாகப் பரப்பி, விரலால் 'அ' எழுதச் சொன்னால், ஸ்லேட்டைவிட ஆசையாக எழுதும். தட்டை ஆட்டினால் எழுத்து அழிந்துவிடும் என்பது கூடுதல் கொண்டாட்டம். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது என்றால் உப்புக்குப் பதில் ரவை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் 'சால்ட் டோ' என்று உப்பையும் மைதாவையும் பிசைந்து பொம்மை செய்யும் வீடியோக்கள் ஏராளம். அந்த மாவில் பாதிக்குப் பாதி உப்பு இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. சின்னக் குழந்தை அந்த மாவை அள்ளித் தின்றுவிட்டால், ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். பார்க்க சாப்பாட்டு மாவு போலவே இருப்பதுதான் ஆபத்து. தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அதற்குப் பதில் சாதாரண சப்பாத்தி மாவே போதும். நீலச்சங்கு பூச்சாறு சேர்த்துப் பிசைந்த ஒரு சின்ன உருண்டை, அதைச் சுற்றி வெள்ளை மாவு, அதற்கு மேல் மஞ்சள் கலந்த மாவு, மறுபடி வெள்ளை. உருட்டி முடித்ததும் பாதியாக வெட்டிக் காட்டுங்கள். வளையம் வளையமாகத் தெரியும். சிப்பிக்குள் முத்து வளர்வதும் இப்படி அடுக்கு அடுக்காகத்தான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961-ல். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதே கடலோரத்தில் முத்துச்சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். தாத்தா, பாட்டி யாராவது முத்துக்குளித்த காலத்தைப் பார்த்தவர்கள் என்றால், இந்த உருண்டையைப் பிடித்துக்கொண்டே கதை கேட்கலாம்.

பீச்சில் சிப்பி பொறுக்கினால் குழந்தையின் வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாகப் பொறுக்குங்கள். பவளப்பாறைத் துண்டு கிடைத்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். அது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

கிழங்கு உரிக்கும் விரல்கள்

மார்கழி பிறந்தால் தெருவுக்குத் தெரு பனங்கிழங்குக் கட்டுகள் வந்து இறங்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கை உரிப்பது, எந்த 'ஃபைன் மோட்டார்' பொம்மையையும்விட நல்ல விரல் பயிற்சி. மேல்தோலைக் கிழிக்க வேண்டும், நாரைக் கிள்ளி இழுக்க வேண்டும், இரண்டாகப் பிளந்து நடுத்தண்டை எடுக்க வேண்டும். பென்சில் பிடிக்கத் தேவையான அத்தனை அசைவும் இதில் வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் நார் தொண்டையில் சிக்கும். இடித்துச் சலித்து, தேங்காய்ப்பூவும் கருப்பட்டித்தூளும் கலந்து கொடுங்கள். உடன்குடிக் கருப்பட்டியே என்றாலும் அதுவும் சர்க்கரைதான், அளவு முக்கியம்.

முடிந்தால் அவிக்காத, கொட்டையோடு இருக்கும் ஒரு கிழங்கை வாங்கிக் காட்டுங்கள். மண்ணில் புதைத்த பனங்கொட்டையிலிருந்து முளை மேலே வராமல் முதலில் கீழே போகிறது. அதுதான் கிழங்கு. 'விதை போட்டா மேலே வளரும்' என்று புத்தகத்தில் படித்த குழந்தைக்கு இது பெரிய ஆச்சர்யம்.

மழைக்கு ஒரு அளவுகோல்

தூத்துக்குடியின் நிஜமான 'விண்டர்' மழைதான். அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது சுமார் 95 செ.மீ. மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஶ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஞாபகம் இருக்காது. ஆனால், வானம் இருட்டியதும் பதறி மாடிக்குச் சாமான் ஏற்றும் அம்மாவின் முகம் தெரியும். பயம் அங்கிருந்துதான் குழந்தைக்கு வருகிறது. 95 செ.மீ. கதையைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. 'பயப்படாதே' என்று சொல்வதும் பெரிதாக உதவாது. கையில் ஒரு வேலையைக் கொடுப்பது உதவும்.

நேரான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் போல அதிலேயே செருகுங்கள். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்குமென்பதால், கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு. அதற்கு மேல் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். மொட்டைமாடியில், சுவர் மறைக்காத இடத்தில் இரண்டு செங்கற்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள். காலையில் பெரியவர்களோடு போய்ப் பார்த்து, 'பச்சைக் கோடு வரைக்கும்' என்று சொல்வது குழந்தையின் பொறுப்பு. நோட்டில் அத்தனை துளிப் படம் வரையட்டும். இரவெல்லாம் தகரத்தில் தடதடவென்று அடித்தது வெறும் மூன்று துளிதான் என்று தெரியும்போது சத்தம் கொஞ்சம் சின்னதாகிவிடும்.

பார்த்ததும் பூஜ்யக் கோட்டுக்கு மேல் உள்ளதைக் கொட்டிவிடுங்கள். கல் மூழ்கும் தண்ணீரையும் தினமும் புதிதாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஏடிஸ் கொசு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். வீட்டைச் சுற்றி நிரம்பி நிற்கும் பக்கெட், அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். சின்னக் குழந்தைக்குப் பாதி பக்கெட் தண்ணீரே ஆபத்து.

இந்த மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இருக்காது. பாத்திகளில் மழைநீர் நிற்கும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு ரூ.5,000 அறிவித்ததும் இதனால்தான். குழந்தைக்கு இதைப் புரியவைக்க, ஒரு தட்டில் கல்லுப்புக் கரைசலை ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள். மழை நாளில் அது காயவே காயாது. தினமும் வந்து பார்த்து, 'இன்னும் தண்ணிதான்' என்று ஏமாந்து போகட்டும். தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தை பிறந்து, மழை நோட்டில் வரிசையாகப் பூஜ்யம் விழத் தொடங்கியதும் வெயிலில் எடுத்து வைத்தால், விளிம்பிலிருந்து உப்பு பூக்க ஆரம்பிக்கும்.