ஒரு பொதி புகையிலையும் பன்னிரண்டு மாதமும்



பட்டமளிப்புக் காலம் இது. கறுப்பு மேலங்கியோடு நிற்கும் பிள்ளையை நடுவில் விட்டு, அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை சுற்றி நின்று படம் எடுக்கும் தமிழ்க் குடும்பங்களை ரொறன்ரோவில் எங்கும் பார்க்கலாம். அந்த மகிழ்ச்சி கலையாமல் இருக்கும்போதே உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் படிக்கும் அதே பல்கலைக்கழகங்களுக்கு முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காக வரும் பூர்வகுடி மாணவர்களைப் பற்றியது அது.

"அவைக்கு எல்லாம் இலவசம்தானே?" நம் விருந்து மேசைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. அது சரியல்ல. கனடாவின் மத்திய அரசு உயர்கல்விக்கென ஒரு தொகையை முதற்குடி (First Nations) சமூகங்களிடம் கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்தச் சமூகமே பிரித்துக் கொடுக்கவேண்டும். அந்தத் தொகை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று 1996இல் கட்டுப்பாடு வந்து, நெடுங்காலம் நீடித்தது. ஊர்களில் பிள்ளைகள் பெருகினார்கள், படிப்புக் கட்டணம் ஏறியது, காத்திருப்போர் பட்டியலும் நீண்டுகொண்டே போனது. மரே சின்க்ளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் 11ஆவது, அந்தப் பட்டியலைத் தீர்க்கப் போதிய பணம் ஒதுக்கவேண்டும் என்பதுதான்.

அதற்குப் பிறகு ஒதுக்கீடு கூடியது உண்மை. ஆனாலும் பணம் பத்துப் பேருக்கும் விண்ணப்பம் பதினைந்து பேரிடமிருந்தும் வந்தால், ஊர்ச் சபை யாரை முதலில் அனுப்பும்? பள்ளிக்கூடம் முடித்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையைத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு, மேலே படிக்க நினைக்கும் தாய் பின்னுக்குத் தள்ளப்படுகிறாள். இந்தியன் சட்டத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் அந்த வரிசையிலேயே நிற்கமுடியாது.

இந்த நாட்டில் பூர்வகுடியினர் படிப்பதற்குக் கொடுத்த விலை வேறு. 1876ஆம் ஆண்டின் இந்தியன் சட்டம், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களின் பூர்வகுடி என்ற சட்ட அந்தஸ்தையே பறித்தது. மருத்துவரானாலும் வழக்கறிஞரானாலும் அதே கதிதான். படித்தால் உன் மக்களில் ஒருவனாக நீ இருக்கமுடியாது என்று சட்டமே சொன்னது. பின்னாளில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். ஆனால் ஒரு சமூகம் பல்கலைக்கழக வாசலை அச்சத்தோடு பார்ப்பதற்கு அது போதாதா? இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த 1970களில் வெட்டுப்புள்ளியை எண்ணி எண்ணித் தூக்கம் கெட்ட தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. இன்றைய ரொறன்ரோ பல்கலைக்கழகம் 1827இல் கிங்ஸ் கல்லூரி என்ற பெயரில் உருவானபோது அதற்கு முதலாகக் கிடைத்தது 2 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். அந்த நிலம் முன்பு யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பூர்வகுடி மாணவர்களுக்கான புலமைப்பரிசிலைத் தர்மம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது பழைய கடனின் ஒரு தவணை.

பட்டப்பின்படிப்பில் மட்டும் ஏன் இந்த இறுக்கம் என்று கேட்கலாம். முதுமாணி மாணவர்களுக்கான மத்திய அரசின் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் 12 மாதங்களுக்குத்தான். பூர்வகுடிச் சமூகத்தில் ஆய்வு செய்பவர், முதலில் அந்தச் சமூகத்தோடு பேசி இணக்கம் பெறவேண்டும் என்கிறது நாட்டின் ஆய்வு அறநெறிக் கொள்கை. நல்ல விதிதான். ஆனால் அதற்குப் போய்வர வேண்டும், இருந்து கேட்கவேண்டும், பெரியவர்களுக்கு மனம் வரும்வரை காத்திருக்கவேண்டும். அனிஷினாபே பூர்வகுடியினரின் மரபில் பெரியவர் ஒருவரிடம் அறிவு கேட்டுப் போகிறவர் புகையிலை வைத்துத்தான் கேட்பார். நாம் வெற்றிலை பாக்கோடு போவதுபோல. அந்தப் பொதியின் விலை சில டொலர்கள்தான். வீதியே இல்லாத வடக்கு ஊர் ஒன்றுக்குச் சிறு விமானத்தில் போய்வருகிற செலவோ ஒருவரின் பல மாத வீட்டுச் சாப்பாட்டுச் செலவு. மாணவர் கேட்கப்போன சொல்லைக் கேட்டு முடிப்பதற்குள் 12 மாதம் ஓடிவிடும். பிறகு வேலைக்குப் போகிறார், ஆய்வு அலமாரிக்குப் போகிறது. அது மொழி ஆய்வென்றால் இழப்பு இன்னும் பெரிது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி, பூர்வகுடி மொழியொன்றில் உரையாடக்கூடிய பூர்வகுடியினர் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 2 லட்சத்து 37 ஆயிரம் பேர்தான். அந்த ஆய்வைப் பிற்போட அந்த மொழிகளுக்கு அவகாசம் இல்லை.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக 30 லட்சம் டொலர் சேர்த்தவர்கள் நாம். நடைபவனி, இராப்போசனம், சின்னப்பிள்ளைகளின் உண்டியல் என்று எத்தனை வழியில் அந்தப் பணம் வந்தது என்பதை இந்த இதழே எழுதியிருக்கிறது. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் ஆண்டாண்டாக உதவுகிற நிதியம் எப்படி இயங்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொழியை இழக்க முடியாது என்று அன்று கொடுத்த கை, அனிஷினாபே மொழியிலோ கிரீ மொழியிலோ ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கும் நீளவேண்டும் என்பது என் ஆசை.

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்திலிருந்து நன்கொடை கேட்டு உங்களுக்கு அழைப்பு வரும்போது, பொதுநிதிக்கு என்று விட்டுவிடாதீர்கள். பூர்வகுடிப் பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்கு என்று குறித்துக் கொடுங்கள். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும் கிடைக்குமா, பயணச் செலவுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் செல்லுமா, இரண்டாம் ஆண்டுக்கும் நீளுமா என்று கேளுங்கள். ஊர்ச்சங்கங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து ஒரு நிதியம் தொடங்க விரும்பினால், முதல் கூட்டத்துக்கு நம் அலுவலகத்தின் மண்டபம் இருக்கிறது, தேநீரும் நம்முடையது. பூர்வகுடி மாணவர்களையும் அழைத்து, என்ன தேவை என்று அவர்கள் வாயாலேயே கேட்போம். வரக்கூடியவர்கள் இந்த மாத முடிவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்