தாயில்லாக் கன்றுக்குத் தாய் தேடுங்கள்

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாட்டுப் பண்ணைகளில் பனி விலகுமுன்பே கன்று ஈனும் காலம் தொடங்கிவிடும். தாய் செத்த கன்று, தலையீற்றுப் பசு உதைத்துத் தள்ளிய கன்று, இரட்டையில் ஒதுக்கப்பட்ட கன்று எனச் சில எப்படியும் பண்ணைக்காரர் கைக்கு வந்துவிடும். உடனே வேண்டியது சீம்பால். முதல் 6 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. 24 மணி நேரமானால், அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை உறிஞ்சும் திறனைக் குடல் ஏறக்குறைய இழந்துவிடும். அதன்பின் எத்தனை புட்டிப் பால் புகட்டினாலும் அந்த இழப்பு ஈடாகாது. கன்றைப் பறிகொடுத்த பசு இருந்தால், செத்த கன்றின் தோலை உரித்து இந்தக் கன்றின் மேல் கட்டுவார்கள். பசு மோந்து பார்த்துப் பால் விடும். கேட்கக் கொடுமைதான், ஆனாலும் புட்டியைவிட மடியே மேல் என்பேன். பசு கிடைக்காவிட்டால் மற்றக் கன்றுகளோடாவது சேர்த்து வளர்க்க வேண்டும். செல்லமாகத் தனியே வளர்ந்த காளைக்கன்றுக்கு மனிதரிடம் அச்சம் இருக்காது. பெரிதானதும் வளர்த்தவரையே முட்டிச் சாய்க்கும். அதை இளமையிலேயே காயடித்துவிடுங்கள்.