ரேஸ் காரின் 'அசல்' எஞ்சின் எது? ஒரு கோடி பவுண்ட் வழக்கும் இந்திய விதியும்

1990-ம் ஆண்டு லண்டன் நீதிமன்றத்துக்கு ஒரு விநோதமான வழக்கு வந்தது. பழைய பென்ட்லி ரேஸ் கார் ஒன்றை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், கடைசி நேரத்தில் பின்வாங்கியது. "இது அந்தக் காரே இல்லை" என்பதுதான் அவர்களின் வாதம்.

காரின் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற கார். ஆனால் விற்பனைக்கு வந்தபோது, வெற்றி பெற்ற நாளில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. எஞ்சினும் வேறு.

எஞ்சின் மாறிய பிறகும் அது அதே கார்தானா? பழைய ரேஸ் காரைப் புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். இந்தியாவில் வின்டேஜ் வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எஞ்சின் ஏன் மாறியது?

ரேஸ் கார் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் செய்யப்பட்டது அல்ல. இன்று ஜெயித்தாலும், அடுத்த பந்தயத்துக்குள் ஏதாவது மாறிவிடும்.

லெ மானில் இந்தக் கார் ஓடியது 'ஸ்பீட் சிக்ஸ்' எஞ்சினில். 6 சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 100 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 140 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 6,597 சிசி. 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்துக்காக 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதிலும் பிஸ்டன் தூரம் அதே 140 மி.மீ.தான். விட்டம் மட்டும் 110 மி.மீ. அந்த 10 மி.மீ. வித்தியாசமே கொள்ளளவை 7,983 சிசி ஆக்கிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில், புரூக்லாண்ட்ஸின் சரிவான வளைவைத் தாண்டி கார் வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த கார், பிறகு சாலையில் ஓட்டும் கூபேவாக மீண்டும் கட்டப்பட்டது.

ஆக, 8 லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு 1929-ம் ஆண்டு மாதிரிக்குத் திருப்பினால், 1932-ல் நடந்தது அழிந்துபோகும். அப்படியே விட்டால், லெ மானில் வென்ற எஞ்சின் எங்கே என்ற கேள்வி எழும்.

மாற்றப்பட்ட எஞ்சினை எப்படிப் புரிந்துகொள்வது?

முதல் விதி: கை வைப்பதற்கு முன் அளவெடுக்க வேண்டும். லேத்தில் ஏற்றிக் கடைந்துவிட்டால் பழைய அளவு திரும்ப வராது.

சிலிண்டர் விட்டம் தொழிற்சாலை அளவைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். தேய்மானத்தால் போர் செய்திருக்கலாம், அல்லது வேகத்துக்காகக் கடைந்திருக்கலாம். வழக்கமான ஓவர்சைஸ் பிஸ்டன் அளவோடு ஒத்துப்போனால் அது பெரும்பாலும் ரிப்பேர் வேலை. அதையும் தாண்டி, காற்று செல்லும் வழிகள் அகலமாக்கப்பட்டு, கேம்ஷாஃப்டின் வடிவமும் மாறியிருந்தால் அது ரேஸுக்காகச் செய்த வேலை.

அடுத்தது கம்ப்ரஷன். அந்தக் காலத்தில் பல ரேஸ் எஞ்சின்கள் ஆல்கஹால் கலந்த எரிபொருளில் ஓடின. அதற்கேற்பக் கம்ப்ரஷனை உயர்த்தி வைத்த எஞ்சினில் இன்றைய பங்க் பெட்ரோலை ஊற்றி முறுக்கினால், 'நாக்கிங்' வந்து பிஸ்டனே ஓட்டையாகலாம். மாற்றம் என்னவென்று புரியாமல் ஸ்டார்ட் செய்வதன் விலை அது.

பழைய பென்ட்லிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. "ஹெட்டைக் கழற்றிப் பார்த்துடலாம்" என்பது அங்கே நடக்காது. வால்வைத் தேய்க்கக்கூட முழு பிளாக்கையும் தூக்க வேண்டும்.

அதன்பின் கிராங்க், கனெக்டிங் ராடு ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தச் சோதனை நடக்கும். விரிசல் இருந்தால் பலரும் எடுக்கும் முடிவு: அசல் பாகத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, புதிதாகச் செய்த நகலைப் பொருத்தி ஓட்டுவது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

நீதிபதி ஓட்டன், விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கார் 1929-ல் இருந்த அதே வடிவில் இல்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது இடையில் காணாமல்போய், வேறு பாகங்களில் இருந்து மறுபடி உருவாக்கப்பட்டதல்ல. ஒவ்வொரு மாற்றமும் அதே காரில்தான் தொடர்ச்சியாக நடந்தது. எனவே அதை 'ஓல்டு நம்பர் ஒன்' என்று அழைக்கலாம் என்றார். நிறுவனம் ஒப்பந்தப்படி வாங்கியே ஆக வேண்டியதாயிற்று.

இந்தியாவில் விதி என்ன?

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்கு 'விஏ' என்ற தனி வரிசை எண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய்.

ஆனால் முக்கிய நிபந்தனை ஒன்று உண்டு. வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது.

ஷோரூமிலிருந்து வந்தபடியே பாதுகாக்கப்பட்ட காருக்கு இது பொருத்தமான விதி. ரேஸ் காருக்கோ மாற்றம்தான் சரித்திரமே. சென்னை அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடியவற்றில், சாதாரண ஃபியட், ஹெரால்டு கார்களை மாற்றியமைத்தவையும் உண்டு. அப்படி ஒரு கார் இன்று கிடைத்தால், விதியின் வரையறைக்காக ரேஸ் எஞ்சினைச் சாதாரண எஞ்சினாக்க வேண்டுமா?

பிரிட்டன் வேறு வழியில் போகிறது. 2025 ஆகஸ்ட் முதல் அமலில் உள்ள நடைமுறைப்படி, பெரிய கட்டமைப்பு மாற்றம் செய்த வாகனமும் தன் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்கலாம். மாற்றத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வும் வரலாற்றுக் கார் பந்தயங்களில், கார் தன் காலத்தில் பந்தயம் ஓடியபோது இருந்த அமைப்பையே அளவுகோலாகப் பார்க்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை மட்டும் அல்ல.

உரிமையாளர் என்ன செய்யலாம்?

எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, அளவையும் முத்திரை எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. புதிதாகச் செய்த பாகம் என்றால் அதைப் பில்லில் தெளிவாக எழுதி வாங்க வேண்டும். 'ஓல்டு நம்பர் ஒன்' வழக்கில் காரைக் காப்பாற்றியது பழைய பாகங்கள் அல்ல. ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது என்று காட்ட முடிந்ததுதான்.