காற்றுவாய்க்கும் ஒளி வேண்டுமோ?

அணிகலன் அணிந்தாருக்கு இடையூறு செய்யுமாயின் அஃது அணியன்று, சுமை. இவ்வுண்மையைச் செய்யுளிலே வைத்து மாணாக்கருக்கு உணர்த்துவது எம்போன்றார் தொழில். அதனை மோட்டார்க் காரிலே வைத்து யாமே உணர வேண்டிய காலம் ஒன்று வருமென்று எண்ணியிருந்தோமல்லேம். சென்ற மாதம் அது வந்தது.

எம்மிடம் முன்னர்ப் பாடங்கேட்ட இளைஞர் ஒருவர், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தமது பழைய ரொயோட்டா காரிலே எம்மை ஏற்றிவந்தார். பொழுது பட்டபின் புறப்பட்டோம். காரின் முன்பலகையிலே, டாஷ்போட் என்று வழங்குகின்றார்களே, அதிலே குளிர்காற்று வரும் வாய்கள் நான்கினையும் சுற்றி நீலநிற ஒளிவளையங்கள் எரிந்துகொண்டிருந்தன.

“பழசு உடைஞ்சு போச்சுது, ஐயா. புதிசு போடேக்கை லைற் உள்ளதாய்ப் பாத்துப் போட்டனான். வடிவாய் இல்லையே?” என்றார்.

வடிவாய்த்தான் இருந்தது. மாங்குளத்தைக் கடந்து இருள் செறிந்த இடத்துக்கு வந்தபோதுதான் அவ்வடிவின் விலை தெரிந்தது. வளையங்களின் சாயல் முன்கண்ணாடியிலே விழுந்து, வீதியின் ஓரத்தைத் திரைபோல மறைத்தது. அத்திரைக்குள்ளே ஏதோ அசைந்தது. தம்பி தடையை அழுத்தி மிதித்தார். கார் நின்றபோது, கைக்கெட்டும் தூரத்திலே கறுத்த மாடு ஒன்று எம்மைப் பார்த்து நின்றது. அது தன் வழியே போயிற்று. எமக்குத்தான் நெடுநேரம் பேச்சு வரவில்லை.

ஒளியுள்ள காற்றுவாய்களை இகழ்தற்காக இதனை எழுதுகின்றோமல்லேம். உடைந்ததை மாற்றுவதும் நன்று. மாற்றும்போது அழகு சேர்ப்பதும் பிழையன்று. ஆயின் காற்றுவாயின் தொழில் காற்றைத் தருதல். காரோட்டியின் தொழில் வீதியைக் காணுதல். இவ்விரண்டுக்கும் இடையூறின்றி நிற்குமாயின் அவ்விளக்கு அணியாகும். அன்றேல் அது சுமையினும் கொடிது என்பதே எமது துணிபு.

முகத்துக்கு நேரே காற்றுவாய் அமைக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. யாழ்ப்பாணத்து வீதிகளிலே நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிச் கார்களை அறியாதார் இலர். அவற்றின் முன்கதவு மூலையிலுள்ள சிறு கண்ணாடியைத் திருப்பினால் வெளிக்காற்று உள்ளே வந்து மோதும். புழுதியும் உடன் வரும். 1964ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியிலே போர்ட் நிறுவனத்தார் வைத்த கோர்ட்டினாக் காரிலே, முன்பலகையின் இரு அந்தங்களிலும் வேண்டிய பக்கம் திருப்பத்தக்க காற்றுவாய்கள் இருந்தன. உட்புகுந்த காற்று பின்புறத் துவாரங்களால் வெளியேறியது. கண்ணாடியை மூடிக்கொண்டே காற்று வாங்கலாம் என்பது அந்நாளிலே பெரும் புதுமை. 2018இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஏ-வகுப்புக் காரிலோ, காற்றுவாய்கள் விமானப் பொறியின் சுழலி போன்று வட்டமாயின. 64 நிறங்களில் வேண்டியதைத் தேர்ந்து அவற்றுக்கு ஒளியூட்டும் வசதியும் வந்தது. பெருஞ்செல்வர் காரிலே கண்டதை எளியவர் தம் காரிலும் காண விரும்புதல் இயல்பே. அவ்விருப்பத்துக்கென்றே பிற கார்களுக்குப் பொருத்தும் ஒளிக்காற்றுவாய்த் தொகுதிகள் இன்று கடைகளிலே கிடைக்கின்றன.

நம் நாட்டிலே இதற்கு வேறு காரணமும் உண்டு. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டும் இருந்த காரைப் பேணுவதல்லது வேறு வழியின்றி இருந்தோம். வெயிலிலே நின்ற கார்களின் பிளாஸ்டிக் முறுகி நொய்ந்தது. காற்றுவாயின் மெல்லிய இதழ்களிலே கைத்தொலைபேசி தாங்கியையும் வாசனைக் குப்பியையும் கொளுவி, அவ்விதழ்களையும் முறித்தோம். ஓர் இதழ் முறிந்தால் அதனோடு இணைந்த மற்றையவும் திரும்பா. காற்று வேண்டாத திசையிலே வீசும். உடைந்ததை எறிந்து புதுக்கார் வாங்கும் வழி அடைபட்டிருந்த காலத்திலே, உடைந்த உறுப்பை மாற்றக் கற்றது ஒரு நற்கல்வியே என்க.

அக்கல்வியின் முதற்பாடம் உறுப்பு பொருந்துமோவென்று காணல். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலே பழைய கார்களிலிருந்து கழற்றியெடுத்த காற்றுவாய்கள் கிடைக்கும். எனினும் இடப்பக்கத்தது வலப்பக்கத்துக்குப் பொருந்தாதிருத்தலும், இடப்பக்கத்தே சுக்கான் உள்ள நாட்டுக்கென வார்த்தது நமது காருக்கு ஒவ்வாதிருத்தலும் உண்டு. இரண்டாம் பாடம் பொறுமை. காற்றுவாய்கள் பெரும்பாலும் கொளுவிகளாலேயே பற்றி நிற்கின்றன. இரும்புத் திருப்புளியை நுழைத்து நெம்பினால் முன்பலகை வடுப்படும், கொளுவியும் முறியும். இதற்கெனச் செய்த பிளாஸ்டிக் நெம்பியைக் கொண்டு, ஒவ்வொரு கொளுவியாக விடுவித்தல் வேண்டும்.

மூன்றாம் பாடமே உயிரைக் காப்பது. முன்பலகையினுள்ளே விபத்துக் காலத்தில் விரியும் காற்றுப்பைகள் அடங்கியுள்ளன. அவற்றுக்குச் செல்லும் கம்பிகளின் உறையும் இணைப்பும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தன. அவற்றைத் தொடலாகாது, அவற்றிலிருந்து மின் எடுக்கலாகாது, சோதனைக் கருவி வைத்தும் பார்க்கலாகாது. சிறு மின்னோட்டமே பையை வெடித்து விரியச் செய்யும். வேலை தொடங்குமுன் மின்கலவடுக்கின் மறைமுனையைக் கழற்றி, 90 வினாடியேனும் காத்திருத்தல் வேண்டும். முனையைக் கழற்றியபின்னும் காற்றுப்பைச் சுற்றிலே சேமித்த மின் சற்றுநேரம் நிற்கும் என்பதே காரணம். கலப்பின வகைக் கார்களிலே செம்மஞ்சள் நிறக் கம்பிகளும் உண்டு. அவை உயர் மின்னழுத்தம் செல்வன. அவற்றை அணுகவே ஆகாது.

இனி ஒளிக்கு வருவோம். வளையத்தினுள்ளே எரிவது ஒளிகாலும் இருவாயி. நீல ஒளி தருவது ஒன்றுக்கு 3 வோல்ற்றளவே வேண்டும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தமோ 14 வோல்ற்றை அண்மும். மிகுதியைத் தாங்குதற்குத் தடையி இருத்தல் வேண்டும். தொகுதியோடு வரும் கம்பி நூல்போல மெல்லியது. அதனைப் பழைய சுற்றிலே வெறுமனே பிணைத்துவிட்டால், அச்சுற்றுக்கு இட்ட பெரிய உருகி உருகுதற்கு முன்னரே மெல்லிய கம்பி சூடேறித் தன் காப்புறையை உருக்கலாம். முன்பலகைக்குப் பின்னே பற்றும் தீ கண்ணுக்குத் தோன்றும்போது காலங் கடந்துவிடும். ஆதலின் கிளை பிரியும் இடத்துக்கு அண்மையிலேயே 1 அம்பியர் உருகி ஒன்று வைத்தல் கடமை.

எங்கிருந்து மின் எடுப்பது என்பதும் சிறு வினாவன்று. எப்பொழுதும் மின் உள்ள கம்பியிலே இணைத்தால், கார் நின்ற பின்னும் விளக்கு எரியும். 0.1 அம்பியர் மாத்திரமே இழுக்கும் விளக்காயினும், 14 நாளிலே 33.6 அம்பியர்-மணி தீர்ந்துவிடும். 40 அம்பியர்-மணி அளவான மின்கலவடுக்கு அதன்பின் எஞ்சினை எழுப்பாது. முன்பலகை விளக்குகள் எரியும்போது எரிந்து, அவை அணையும்போது அணைந்து, அவை மங்கும்போது மங்கும் கம்பியே இதற்கு உரியது.

மங்குதலை ஏன் வற்புறுத்துகின்றோம்? கண் இருளுக்கு நன்கு பழகுதற்கு 20 முதல் 30 நிமிடம் செல்லும். அப்பழக்கத்தைக் கெடுத்தற்கு ஒரு கணம் போதும். மங்கலிலே நமக்கு உதவும் கண்கலங்களை நீல ஒளி மிகுதியாகத் தாக்கும். செவ்வொளி குறைவாகவே தாக்கும். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் தம் காரின் முன்பலகைக்குப் பல்லாண்டு காலம் செம்மஞ்சள் ஒளியையே வைத்திருந்தனர். சுவீடனிலே சாப் கார் செய்தோர் இன்னும் ஒருபடி மேலே போயினர்: ஒரு பொத்தானை அழுத்தினால் வேகமானி தவிர்ந்த பெரும்பாலான விளக்குகள் அணைந்துவிடும், ஏதேனும் பழுது நேர்ந்தால் மாத்திரம் உரியது தானே எரியும். விமானிகளின் அநுபவத்தை அறிந்தோர் செய்த வேலை அது. விளக்கை ஏற்றத் தெரிந்தார் பலர். எப்பொழுது அணைப்பது என்று தெரிந்தார் சிலர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் கார் ஒரு வினாடியிலே ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். கண் ஒரு வினாடி வளையத்திலே தங்கினால், அத்துணைத் தூரம் குருடராய்ப் போகின்றோம் என்பதே பொருள்.

“பண்டிதருக்கு உருகியும் கம்பியும் எதற்கு?” என்று கேட்பார் இருக்கலாம். அவருக்கு மறுமொழி உண்டு. அன்றிரவு வீடு வந்தபின் அவ்விளைஞரிடம் கேட்டோம்: “தம்பி, உந்த விளக்கின் ஒளியைக் குறைக்கேலாதோ?” முன்பலகை விளக்குகளைக் குறைக்கும் திருகு காரிலே இருந்தது, அதனைத் திருகினால் மற்றையவெல்லாம் மங்கின, வளையங்கள் மாத்திரம் மங்கவில்லை. அவர் ஒரு கிழமை கழித்துக் காரணத்தைக் கண்டுபிடித்து வந்து சொன்னார். ரொயோட்டாக் கார்கள் பலவற்றிலே ஒளிகுறைப்பு மறைக்கம்பியின் வழியாகவே நிகழ்கின்றது. பொருத்தியவர் நேர்க்கம்பியைச் சரியான இடத்திலே இணைத்துவிட்டு, மறைக்கம்பியைக் காரின் இரும்பு உடலிலே திருகிவிட்டார். அதனால் ஒளிகுறைக்கும் திருகுக்கும் வளையங்களுக்கும் தொடர்பே இல்லாது போயிற்று. ஒரேயொரு கம்பி; அஃது இடம் மாறியதால் ஒரு மாடும் இரண்டு மனிதரும் சாக இருந்தோம்.

பொருத்தியவர் கைவன்மை இல்லாதவர் அல்லர். ஒரு கீறலின்றி நான்கு வாய்களையும் மாற்றியிருந்தார். தொகுதியோடு வந்த தாளோ அவர் அறியாத மொழியிலே இருந்தது. படத்தைப் பார்த்தே செய்தார். எம்முடைய மாணாக்கர் விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்றவர். மறைமுனை, தடையி, உருகி, ஒளிகாலும் இருவாயி என்னும் சொற்களையெல்லாம் பரீட்சையிலே எழுதிப் புள்ளி வாங்கியவர். ஆயின் தம் காரினுள்ளே கிடப்பன அவையே என்று ஒருநாளும் எண்ணியிருந்தாரல்லர். சொல் பாடசாலையிலே நின்றுவிட்டது. பொருள் கறாச்சிலே நின்றுவிட்டது. இரண்டையும் ஒன்றுகூட்டுவார் இலர். இக்குறை பொருத்தியவரதோ மாணாக்கரதோ அன்று. கற்பித்த எம்மனோரது குறையே.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். பாடசாலை மலர்களிலே ஆண்டுதோறும் ஒரு பக்கத்தைத் தொழில் அறிந்தாருக்கு ஒதுக்குங்கள். மஞ்சட் கம்பியை ஏன் தொடலாகாது, மறைக்கம்பி எங்கே சேர வேண்டும் என்பதனை நல்ல தமிழிலே அவர் சொல்ல, மாணாக்கர் எழுதட்டும். தமிழுக்கு அணி செய்வதாகக் கூறி யாம் நடத்தும் விழாக்களிலே எரியும் விளக்குகள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றையேனும் இவ்விருட்டிலே வைத்தல் ஆகாதோ?

சென்ற கிழமை அவ்விளைஞர் மீண்டும் வந்தார். மறைக்கம்பி உரிய இடத்துக்கு மாறிவிட்டது, உருகியும் வைத்தாயிற்று. மாலையிலே எம்மைக் காரில் இருத்தித் திருகைத் திருகிக் காட்டினார். நீல வளையங்கள் மெல்ல மங்கி, சாம்பல் பூத்த தணல்போல ஆயின. முன்கண்ணாடியிலே சாயல் இல்லை; வீதி தெரிந்தது.

“இப்ப எப்படி, ஐயா?” என்றார்.

“இப்போதுதான் வடிவு, தம்பி” என்றோம்.