குடும்ப நலம்: மருந்துக்கு விரதம் இல்லை

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் மாணவி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் அவர் கேட்டிருக்கும் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கும் கேள்வி. ஆதலால் அதற்குரிய விடையை எல்லோரும் படிக்கும் இப்பகுதியிலேயே எழுதத் துணிந்தோம்.

அம்மாணவியின் அன்னையாருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவு நோய் உண்டு. நம்மவர் சலரோகம் என்று சொல்வதும் இதனையே. காலையிலும் மாலையிலும் குளிசை எடுத்து வருகிறார். ஆண்டுதோறும் மகா சிவராத்திரியன்று நீரையன்றி வேறெதுவும் அருந்தாது விரதமிருந்து, பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து சுவாமிமலை ஏறி, திருக்கோணேச்சரத்தில் நான்கு யாமப் பூசையும் கண்டு, விடிந்தபின் வீடு திரும்புவது அவர் வழக்கம். இம்முறையும் அப்படியே சென்றார். புறப்படுமுன் குளிசையையும் தவறாமல் விழுங்கினார். மருந்து உணவு அன்று. ஆகவே அதனால் விரதம் கெடாது என்பது அவர் எண்ணம்.

மூன்றாம் யாமத்தில், கடற்காற்றுக் குளிர்ந்து வீசிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய சேலை வியர்வையால் நனைந்தது. கைகள் நடுங்கின. பெற்ற மகளை யாரோ என்பதுபோல் பார்த்தார். தொடர்பில்லாத சொற்களைப் பேசினார். அருகில் இருந்தவர்கள், "அம்மாவுக்கு அருள் வந்திருக்கிறது, தொடாதே பிள்ளை" என்று சொல்லிக் கைகூப்பினார்கள். அவ்வேளை அங்கு வந்த பெரியவர் ஒருவர், தாமும் ஒரு சலரோகக்காரர், நிலைமையைக் கண்டதும் தம்மிடம் இருந்த சீனியை நீரிற் கரைத்துப் பருகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அன்னையார் தெளிவடைந்தார். தெளிந்ததும் அழுதார். இத்தனை ஆண்டு காத்துவந்த விரதம் கெட்டுவிட்டதே என்பதுதான் அவருடைய துயரம். அக்குறையைத் தீர்க்க அடுத்த ஆண்டு மூன்று நாள் நீர் விரதம் இருப்பதாக நேர்ந்தும் விட்டாராம்.

"அம்மாவைத் தடுத்தால் பாவம் என்கிறார்கள், தடுக்காவிட்டால் ஆபத்து என்று என் மனம் சொல்கிறது. நான் என்ன செய்வது?" என்று கடிதம் முடிகிறது.

முதலில் அன்றிரவு நடந்தது என்னவென்று பார்ப்போம். நாம் உண்ணாதிருக்கும்போது உடல் உடனே பட்டினியில் வாடுவதில்லை. முன்பு உண்ட உணவிலிருந்து ஈரல் ஒரு பகுதிச் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளைக்குக் காணும். உணவு வராத வேளையில் ஈரல் அதனைச் சிறிது சிறிதாக இரத்தத்துக்கு விடுகிறது. நோயற்றவரின் கணையமும் அதனை அறிந்து, இன்சுலின் சுரப்பதைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. வரவு குறைந்தால் செலவைக் குறைக்கும் நல்ல இல்லத்தரசியின் முறை இது.

ஆனால், கிளிபென்கிளமைட், கிளிகிளசைட், தொல்பியூற்றமைட் போன்ற குளிசைகள், உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இன்சுலினும் அவ்வாறே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மனிதர் விரதம் இருக்கலாம். மருந்து விரதம் இருப்பதில்லை. அதனால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது. வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தலைவலி, பார்வை மங்கல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் வலிப்பும் நினைவிழப்பும் நேரும். உயிரே போவதும் உண்டு. கண்விழிக்கும் இரவில் இவ்வறிகுறிகளைத் தூக்கக் கலக்கம் என்றோ அருள் என்றோ எண்ணிவிடுவது எளிது. சலரோகக்காரர் ஒருவர் விரத நாளில் வியர்த்து நடுங்கினால், முதலில் நினைவுக்கு வரவேண்டியது சர்க்கரைக் குறைவே.

"அப்படியானால் விரத நாளில் மருந்தை நிறுத்திவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்லக்கூடும். அது மற்றொரு படுகுழி. இன்சுலின் ஊசியில் வாழ்பவர் அதனைத் தாமாகவே அடியோடு நிறுத்தினால், உண்ணாதிருந்தும் சர்க்கரை ஏறும். உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, இரத்தத்தில் அமிலம் சேரும். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு என்று தொடங்கும் அந்நிலை சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் என்னும் புதிய வகைக் குளிசைகளை எடுப்போர் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இவ்வமிலம் சேர்வதுண்டு. ஆகவே மருந்தைக் குறைப்பதும், நேரம் மாற்றுவதும், நிறுத்துவதும் வைத்தியரின் வேலை; நம்முடைய வேலை அன்று.

நீரிழிவுக்கும் பட்டினிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இன்சுலின் கண்டறியப்படுமுன் இந்நோய்க்குப் பட்டினியே மருந்தாக இருந்தது. 1914ஆம் ஆண்டையடுத்து அமெரிக்காவில் பிரெடரிக் அலன் என்னும் வைத்தியர், நோயாளரை முதலிற் பட்டினி கிடக்கச் செய்து, பின்னர் மிகச் சொற்ப உணவில் வாழவைக்கும் முறையைக் கையாண்டார். அதனாற் சிலர் சில ஆண்டு காலம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆயினும் எலும்பும் தோலுமாக வாழ்ந்தார்கள். சிலர் நோய்க்குத் தப்பிப் பட்டினிக்கு இரையானார்கள். 1921ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனாகிய லெனாட் தொம்சனுக்கு அது முதன்முறையாக ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் இருந்த அப்பிள்ளை மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பட்டினியைத் தவிர வேறு கதியில்லை என்றிருந்த காலம் அன்றே முடிந்தது.

இக்காலத்தில், பல நாள் நீர் மட்டும் அருந்தினால் நீரிழிவு அறவே நீங்கும் என்று சொல்லித் திரிவோரும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் நடந்து 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வை அவர்கள் சான்று காட்டுவதுண்டு. அவ்வாய்வில் உணவைக் குறைத்தவர்களில் 100க்கு 46 பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே நலமாக இருந்தனர் என்பது மெய். ஆனால் அவர்கள் நீர் விரதம் இருக்கவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி கொண்ட அளவான உணவைச் சில மாதம் எடுத்தார்கள். நோய் கண்டு ஆறு ஆண்டு கடக்காதவர்களும், இன்சுலின் ஏற்றாதவர்களுமே சேர்க்கப்பட்டார்கள். முதல் நாளிலேயே அவர்களுடைய நீரிழிவுக் குளிசைகள் முறைப்படி நிறுத்தப்பட்டன. வைத்தியர் கண்காணிப்பில் உணவைக் குறைப்பது வேறு. வீட்டில் எவரிடமும் சொல்லாமற் பட்டினி கிடப்பது வேறு.

இவ்விடயத்தில், கொட்டியாரக் குடாவைச் சூழ வாழும் இஸ்லாமியச் சகோதரர்களின் அனுபவம் நமக்குப் பெரிதும் உதவும். கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் நோன்பு நோற்கிறார்கள். அவர்களைப் போன்ற நோன்பாளிகளை எண்ணி உலக வைத்தியர்கள் பல காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்றில், நோன்பு மாதத்தில் கடுமையான சர்க்கரைக் குறைவு, இளமையில் வரும் முதலாம் வகை நோயாளரிடம் நான்கு மடங்குக்கு மேலும், பெரியோரிடம் காணும் இரண்டாம் வகை நோயாளரிடம் ஏழு மடங்குக்கு மேலும் கூடியது தெரிய வந்தது. அது பகற் பொழுதுக்குரிய நோன்பு. சிவராத்திரியோ பகலையும் இரவையும் கடந்து மறுநாட் காலைவரை நீள்வது. நோயாளருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டென்று திருக்குர்ஆனும் கூறுகிறது.

அவ்வாராய்ச்சிகளின் பயனாக வகுக்கப்பட்ட விதிகளை எச்சமயத்தவரும் கைக்கொள்ளலாம். இன்சுலின் ஏற்றும் முதலாம் வகை நோயாளர், கருவுற்ற நீரிழிவு நோயாளர், சிறுநீரகமோ இருதயமோ பழுதுற்றவர், அண்மையில் சர்க்கரை குறைந்து மயங்கியவர், தனியே வாழும் முதியோர் ஆகியோர் நீர் விரதத்தைக் கைவிடுவதே முறை. துறைமுகத்திற் சுமை தூக்குவோர், கடலுக்குப் போவோர், வாகனம் ஓட்டுவோர் ஆகியோருக்கு ஆபத்து இரட்டிப்பு. உடலுழைப்பு சர்க்கரையை மேலும் இறக்கும். மயக்கம் வரும் இடமும் பொல்லாத இடம்.

மற்றையோர் விரதத்துக்கு ஆறு அல்லது எட்டு வாரம் முன்னதாகவே கிளினிக் கொப்பியுடன் வைத்தியரைக் கண்டு, எந்த நாள், எத்தனை மணி நேரம், நீர் மட்டுமா அன்றிப் பாலும் பழமுமா என்று ஒளிக்காமற் சொல்லவேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரைக் குறைவு வருவது அரிது. ஆயினும் அவரும் கேட்டே தீரவேண்டும். விரத நாளில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து அவ்வப்போது சோதித்துப் பார்க்கவேண்டும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும், நோய்க்குறி எதுவும் தோன்றினாலும் விரதத்தை அக்கணமே முடித்துவிட வேண்டும். "இன்னும் ஒரு யாமந்தானே" என்று பொறுத்திருப்பது தகாது.

சர்க்கரை குறைந்தவருக்கு, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்கவேண்டும். குறைவு தீராவிடில் மறுபடியும் கொடுக்கவேண்டும். தெளிந்த பின்னரும் உணவு உண்ணவேண்டும். குளிசையின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும். நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மூச்சடைத்துப் போகும். அவரை ஒருக்களித்துக் கிடத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். விரதம் முடிக்கும்போது சர்க்கரைப் பொங்கலையும் பலகாரத்தையும் வயிறு நிறைய உண்பதும் தீங்கே.

அன்னையார் நேர்ந்திருக்கும் மூன்று நாள் நீர் விரதத்தைப் பற்றி நாம் ஐயமின்றிச் சொல்வது இது: ஒரு நாளிலேயே மயங்கியவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் நேர்த்தி என்னாவது? சைவ உலகம் போற்றும் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையில் சிவராத்திரி விரதத்துக்குப் படிகளை வகுத்திருக்கிறார். உபவாசத்தை முதலில் வைத்தார். நீரோ பாலோ அருந்துவதை அடுத்து வைத்தார். பழம் உண்பதையும் பலகாரம் உண்பதையும் அவற்றுக்குக் கீழே வைத்தார். கீழ்ப்படியில் நிற்பவரையும் அவர் விரதத்துக்குப் புறம்பாக்கவில்லை. கந்தசஷ்டியிலும் ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர் ஐந்து நாள் ஒரு பொழுது உண்ணலாம் என்று வழி காட்டினார். அனுட்டானத்தில் அத்துணைக் கண்டிப்பானவரே உடலின் இயலாமைக்கு இடம் விட்டிருக்கும்போது, நாம் அதனினும் கண்டிப்பாக நிற்பது எதற்கு?

கடிதம் எழுதிய பிள்ளைக்கு ஒரு வார்த்தை. "விரதத்தை விட்டுவிடுங்கள், அம்மா" என்று தொடங்காதேயும். அது அவருடைய பக்தியைக் குறை கூறுவதாகப் படும். "அடுத்த மாதம் கிளினிக்குக்கு நானும் வருகிறேன், வைத்தியரிடம் சிவராத்திரியைப் பற்றிக் கேட்போம்" என்று சொல்லும். அவர் சொல்லும் அளவில் பாலோ பழமோ உண்டு, குளிசையையும் அவர் சொன்னபடி மாற்றி, அன்னையார் மலை ஏறட்டும். உம்முடைய பையில் சோதிக்கும் கருவியும் ஒரு பொட்டலம் சீனியும் இருக்கட்டும். மூன்று நாள் நேர்த்திக்கு ஈடாக மூன்று ஏழைகளுக்கு அன்னமிடலாம் என்று அவரிடம் சொல்லிப் பாரும். தாய்மார் மனம் அதற்கு இரங்கும்.

அன்றிரவு சீனியைக் கரைத்துக் கொடுத்த பெரியவர் உம் அன்னையாரின் விரதத்தைக் கெடுக்கவில்லை. அடுத்த சிவராத்திரியையும் காண அவரை உயிரோடு வைத்துத் தந்தவர் அவரே. இதையும் அன்னையாரிடம் சொல்லும்.