அணைந்த போனுக்கு வந்த அழைப்பு

ராத்திரி ஒன்பது மணியானால் செல்போனை அணைத்துவிட்டுப் படுக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். சார்ஜ் மிச்சமாகும், தூக்கம் கெடாது. காலையில் போட்டதும் திரையைப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. யாரும் கூப்பிடவில்லை என்று முடிவு செய்துகொள்வார்கள். அந்த முடிவு தப்பாக இருக்கலாம்.

போனை முறையாக அணைக்கும்போது, அது நெட்வொர்க்குக்கு ‘போகிறேன்’ என்று ஒரு சிக்னல் கொடுத்துவிட்டுத்தான் அணைகிறது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற பதில் அங்கிருந்தே போய்விடும். பேட்டரியைச் சட்டென்று கழற்றினாலோ, டவர் கிடைக்காத இடத்துக்குப் போனாலோ நெட்வொர்க் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு, ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்று சொல்லும். எப்படியானாலும் அழைப்பு போனுக்கு வந்து சேர்வதில்லை. மிஸ்டு கால் பட்டியலில் ஏறுவதும் இல்லை.

எங்கள் பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவருடைய அண்ணன் திருச்சியில் ஒரு நள்ளிரவில் தவறிப்போனார். பெரியம்மா ஆறு மணிக்குப் போனைப் போட்டார், காபி போட்டுக் குடித்தார், வாசலுக்குக் கோலமும் போட்டுவிட்டார். ஏழரைக்குத்தான் அண்ணன் மகனின் அழைப்பு கிடைத்தது. “ராத்திரியெல்லாம் அடிச்சோம் அத்தை, ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு.” துக்கத்தோடு, தெரியாமல் கோலம் போட்டுவிட்டோமே என்ற ஆற்றாமையும் அவருக்கு இன்றுவரை போகவில்லை.

அயல்நாடுகளில் இந்த இடத்தில், கூப்பிட்டவர் சொல்ல வந்ததைப் பதிவுசெய்துவைக்கும் வாய்ஸ்மெயில் இருந்தது. இங்கேயும் வந்தது, வேர் பிடிக்கவில்லை. இயந்திரத்திடம் பேச நமக்குக் கூச்சம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காரணம் காசுதான். 1995 ஜூலை 31-ல் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டபோது, வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003 மே மாதம்தான் அது இலவசமானது. அதன் பிறகும் கூப்பிடுகிறவர் ஒவ்வொரு அழைப்புக்கும் கணக்குப் பார்த்தார். ‘ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு’ என்று பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்ட காலம் அது. வாய்ஸ்மெயிலில் பேசினால் அழைப்பு எடுக்கப்பட்டதாகிக் காசு போகும். அதைக் கேட்கவும் காசு. யார் தொடுவார்கள்? 2013-ல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்ததும் காய்கறிக்காரர் முதல் பாட்டிவரை சரளமாகப் பேசி அனுப்பினார்கள். கூச்சம் எங்கே போனது?

ஆனால் வாட்ஸ்அப்புக்கு ஸ்மார்ட்போன் வேண்டும். பட்டன் போன்காரர்களுக்கு மிச்சமிருப்பது மிஸ்டு கால் அலர்ட் எஸ்எம்எஸ். ஒருகாலத்தில் அதற்கே மாதக் கட்டணம் பிடித்தார்கள். இப்போது இலவசமாக வருகிற இடத்திலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். போன் அணைந்திருந்தால் பேசுகிறவரின் குரலை வாங்கிவைத்து, போட்டதும் ஒரு பட்டனில் கேட்கவைப்பது நிறுவனங்களால் முடியாத காரியமில்லை. தொழில்நுட்பம் பழையது, அழைப்புக்குத் தனிக் காசும் இப்போது பலருக்கு இல்லை. இலவசமாக, தமிழிலேயே தரவேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவர்களின் போன் செட்டிங்ஸில் ‘கால் ஃபார்வர்டிங்’ பகுதியில், அந்தப் போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ மட்டும் அழைப்பு உங்கள் எண்ணுக்கு வரும்படி வைக்கலாம். திருப்பிவிடும் கட்டணம் அவர்கள் கணக்கில் ஏறும் என்பதால் ரீசார்ஜ் பேக் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை வீட்டு மனிதர் உட்கார்ந்து செய்துகொடுக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் போனில் கூப்பிட்டு ஸ்டார் போட்டு ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தவே கூடாதென்றும் சொல்லிவையுங்கள். அந்த வழியில் ஓடிபி அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்ட மோசடிகளால்தான் 2024 ஏப்ரல் முதல் யுஎஸ்எஸ்டி எனப்படும் ஸ்டார் எண்கள் மூலம் கால் ஃபார்வர்டிங் செய்வதை நிறுத்திவைக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் போனைக் கையில் வாங்கி இதைச் செய்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது.