பிறவாத கன்றுக்குப் பொறுப்பாளர் யார்?

விடத்தல்தீவுக் கடலையும் கண்டற்காட்டையும் உள்ளடக்கிய 29,180 ஹெக்டேயர் பரப்பை அரசாங்கம் 2016இல் இயற்கை ஒதுக்ககமாகப் பிரகடனஞ் செய்தது. அதில் 168 ஹெக்டேயரை நீர்வாழுயிர் வளர்ப்புக்கென விடுவித்து 2024 மே மாதத்தில் வர்த்தமானி வெளியிட்டது. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நிலத்தின் எல்லையை நீதிமன்றம் காக்கலாம். எல்லைக்கல்லைப் பார்த்தா நஞ்சு வருகிறது?

2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணிகள் இருந்தன. கடலிற் கொட்டியவற்றுள் எரிந்தவையும் அடங்கும். எரிந்த பிளாஸ்டிக்கில் காணப்படும் சில ஐதரோக்காபன்கள், உடலுட் சென்று மாற்றமடைந்து, டீ.என்.ஏ. என்னும் பரம்பரை இழையிற் பற்றிக்கொள்ள வல்லவை. தசையில் நேரும் பழுது அவ்வுயிரோடு முடியும். விந்திலோ முட்டையிலோ நேரும் பழுது குஞ்சையும் கன்றையும் சேரும்; சிலவேளை கருவையே அழிக்கும்.

இது வெறும் ஊகமன்று. கனடாவின் ஹமில்டன் நகர உருக்காலைகளின் அருகே கூடுகட்டிய கடற்காகங்களின் குஞ்சுகளில், தூர இடத்துக் குஞ்சுகளைவிடப் பரம்பரை மாற்றங்கள் மிகுந்திருந்ததை 1996இல் அறிஞர் வெளியிட்டனர். அங்கேயே சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையில், வடிகட்டிய காற்றைச் சுவாசித்தவற்றின் குட்டிகளில் அம்மாற்றங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை 2004இல் தெரியவந்தது. நஞ்சைத் தடுத்தால் சந்ததி பிழைக்கும் என்பதே இதன் பொருள்.

நமது கடற்பசுவோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனும் உயிர். அக்கன்று தவறினால் அவ்விழப்பை ஈடுசெய்ய ஆண்டுகள் பல வேண்டும். கரையொதுங்கிய உடலை எண்ணுவார் உளர். பிறவாத கன்றை எண்ணுவார் இலர்.

நம் கடலில் இக்கேடு நேர்ந்துவிட்டதென நாம் சாதிக்கவில்லை. நேர்ந்ததா எனப் பார்க்குமாறே கேட்கிறோம். கப்பல் விபத்துக்கென 2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. அது கைக்கு வருங்கால், விடத்தல்தீவின் சேற்றையும் மீனையும் பறவை முட்டையையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க ஒரு பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். மருத்துவரும் விஞ்ஞானப் பட்டதாரிகளும் இதனை வற்புறுத்தல் வேண்டும். வயலின் வடிநீரும் ஈற்றிற் கடலையே சேருமாதலால், கிருமிநாசினியை அளவறிந்து தெளிப்பது கமக்காரரின் கடமை.

இன்று அளந்து பாராதவர்கள் நாளை எண்ணிப் பார்க்கவும் எதுவும் எஞ்சாது.